நிச்சயத்துக்கு முன் ஒரு சுற்று

ஆகஸ்ட் 11, ஞாயிறு

பெண் பார்க்க வந்தவர்கள் போய்விட்டார்கள். அம்மா இன்னும் பட்டுப்புடவையை மாற்றவில்லை. சோபாவில் உட்கார்ந்து பத்திரிகையை மடித்து விசிறிக்கொண்டிருக்கிறாள். பக்கத்தில் ஒரு டப்பா கேசரி அப்படியே இருக்கிறது.

பொள்ளாச்சிக்காரர்கள். தென்னந்தோப்பு, கயிறு ஏற்றுமதி. காரில் வருவார்கள் என்று தரகர் சொல்லியிருந்தார், என்ன கார் என்று சொல்லவில்லை. மாப்பிள்ளையின் அப்பா வெள்ளியங்கிரி மாமா ஆரஞ்சு நிறக் கிரேஸனில் வந்து இறங்கினார். இங்கிலாந்து வண்டி, தரையோடு தரையாகப் படுத்திருக்கும். கோயம்புத்தூர் முழுக்கத் தேடினாலும் இன்னொன்று கிடைக்காது. அவர் நிறுத்திய இடத்துக்குப் பக்கத்திலேயே அப்பாவின் மஞ்சள் வெர்னாட்டோ நின்றது. அது இத்தாலி வண்டி. பம்பு செட் செய்து விற்று அப்பா தனக்கென்று வாங்கிக்கொண்ட ஒரே ஆசை அதுதான். மாமா தன் வண்டியைப் பூட்டாமல் எங்கள் வண்டியைப் பார்த்தார். அப்பா "வாங்க" என்று சொல்ல மறந்து அவர் வண்டியைப் பார்த்தார்.

"நம்மூரு ரோட்டுல இது அடி தட்டாதுங்களா?" என்றார் அப்பா.

"தட்டாம ஓட்டத் தெரியோணுமுங்க" என்றார் மாமா.

அவ்வளவுதான், பற்றிக்கொண்டது. நான் காபித் தட்டோடு நின்றேன், எடுக்க ஆளில்லை. "உங்குளுது சத்தம் மட்டுந்தானுங்க சம்பந்தி" என்று அவர் சொல்ல, "உங்குளுது டர்போ வெச்சுக் காத்தடிச்சாத்தான் ஓடற வண்டிங்களே" என்று இவர் சொல்ல, கேசரி ஆறிக் கட்டியானது. கடைசியில் ரேஸ் டிராக்கில் இரண்டையும் ஓட்டிப் பார்த்துவிடுவது என்று முடிவானது. அதுவும் நிச்சயதார்த்தத்துக்கு முந்தின நாளே. இப்படியாக, எனக்கு நிச்சயதார்த்தம் உண்டு என்பதே வண்டிச் சண்டைக்கு நடுவில்தான் முடிவானது. என்னிடம் யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் யோசித்துச் சொல்கிறேன் என்றிருப்பேன்.

மாப்பிள்ளை பெயர் யுகேந்திரன். டயர் கம்பெனியில் இன்ஜினியர். நான் சரியாகக் கவனிக்கவில்லை. நீலச் சட்டை, கையை இரண்டு மடிப்பு மடித்திருந்தார், இடது புருவத்தில் சின்னதாக ஒரு வெட்டுத் தழும்பு. என்னிடம் கேட்டது ஒரே ஒரு கேள்வி. "தாரிணி டீச்சர்னு தரகர் சொன்னாருங்க. எந்த ஸ்கூலுங்க?" டிராக்கில் ரேஸ் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறேன், மீதி நேரத்தில் ஒரு மோட்டார் பத்திரிகைக்கு வண்டிகளை ஒப்பிட்டு எழுதுகிறேன் என்றேன். சிரித்ததில் அவருக்குக் கேசரி புரையேறிவிட்டது.

அவர்கள் போனதும் அம்மா ஆரம்பித்தாள். "பொண்ணு வூட்டுக்காரவிய மாப்ள வூட்டுக்காரவியகிட்ட இப்புடியா வாய் குடுக்கறது? பந்தயம் வெச்சாச்சு, இனி என்ன பண்றது. கம்முனு தோத்துப்போட்டு வரச் சொல்லு உங்கப்பாவ."

எனக்குச் சுர்ரென்று வந்தது. சித்தப்பா தன் பெண் கல்யாணத்தில் வளைத்த முதுகை நிமிர்த்தாமல் நின்றதைப் பார்த்தவள் நான். "வண்டி தோத்தா தோத்துட்டுப் போகட்டும். அப்பா தோத்த மாதிரி நடிச்சாருன்னா நான் மேடையேற மாட்டேன்" என்றேன். அம்மா விசிறுவதை நிறுத்திவிட்டாள். நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 13, செவ்வாய்

யுகேந்திரன் போன் செய்தார், விதிமுறை பேசுவதற்காக. நான் ஓட்டினால் அவர்கள் நம்ப மாட்டார்கள், அவர் ஓட்டினால் நாங்கள் நம்ப மாட்டோம். ஆகவே இரண்டு பேரும் இரண்டு வண்டியையும் ஓட்டுவது. யார் கையில் ஓடினாலும் சரி, ஒரு சுற்றுக்கு அந்த வண்டி எடுத்த மிகக் குறைந்த நேரம்தான் கணக்கு. பெட்ரோல் ஒரே அளவு. டயர் காற்றை அவர் பார்ப்பார், பிரேக்கை நான் பார்ப்பேன்.

இவ்வளவுதான் பேசினோம். வைக்கும்போது போனில் சார்ஜே இல்லை. பேட்டரி பழசாகிவிட்டது போலிருக்கிறது.

ஆகஸ்ட் 14, புதன்

ஜாக்கெட் தைக்க அளவு கொடுத்தேன். இட்லிக்கு மாவு ஆட்டினேன். போன் பேட்டரி நன்றாகத்தான் இருக்கிறது என்று கடைக்காரர் சொல்கிறார்.

ஆகஸ்ட் 16, வெள்ளி

இன்று பயிற்சி ஓட்டம். அப்பாக்கள் யாரும் வரவில்லை, எங்கள் இருவருக்கும் வண்டிகள் பழக வேண்டும் என்பதற்காக ஒரு நாள். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று தூக்கிக்கொண்டு போகிற மாதிரி அடித்தது. எனக்கு இப்படி ஒரு நாள் வாய்த்து எத்தனை காலமாயிற்று!

வெர்னாட்டோவில் பத்து சிலிண்டர், டர்போ கிடையாது. மிதித்த அளவுக்கு வேகம், மிதித்த அந்தக் கணமே வேகம். மீட்டர் ஊசி ஏறும்போது காதுக்குப் பின்னால் எழும்புகிற அந்தச் சத்தத்துக்கே காசு கொடுக்கலாம். நான்கு சக்கரமும் இழுப்பதால் வளைவிலிருந்து வெளியே வரும்போது தைரியமாக மிதிக்கலாம், வண்டி சிதறாது. ஆனால் கனம். கொண்டை ஊசி வளைவுக்கு முன்னால் பிரேக்கைக் கொஞ்சம் தாமதமாகப் பிடித்தால் கோபித்துக்கொள்கிறது.

கிரேஸன் வேறு ஜாதிக் குதிரை. எட்டு சிலிண்டர், இரண்டு டர்போ. மிதித்தால் ஒரு கணம் யோசிக்கிறது, அப்புறம் முதுகில் உதைக்கிறது. பின் சக்கரம் மட்டும் இழுப்பதால் வளைவில் வாலை ஆட்டும், கையில் பொறுமை இருந்தால் அதுவே சுகம். ஸ்டியரிங் இருக்கிறதே, சாலையில் கிடக்கும் சிறு கல்லைக்கூட விரலுக்குச் சொல்லிவிடுகிறது. நேர்ப்பாதையில் கிரேஸன் பறக்கும், வளைவில் வெர்னாட்டோ பிடிக்கும். எங்கள் டிராக்கில் இரண்டும் இருப்பதால் யார் பக்கமும் சாயவில்லை. இரண்டு வண்டியும் ஒரு நிமிடம் ஆறு விநாடிக்குக் கொஞ்சம் மேலே. இடையில் கண் சிமிட்டும் நேரம்தான்.

அந்த நேரங்கள் என்னுடையவை. யுகேந்திரன் என்னைவிட ஒன்றரை விநாடி பின்தங்கினார், இரண்டு வண்டியிலும். அதில் அவருக்கு வருத்தமே இல்லை. "டயர் செய்யறதுக்குத்தாங்க எனக்குச் சம்பளம், தேய்க்கறதுக்கில்லை" என்றார். ஒவ்வொரு முறை நான் உள்ளே வந்ததும் டயர் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார்.

"என்னங்க சொல்லுது?"

"ஓட்டறவிய நெம்பக் கோவக்காரின்னு சொல்லுதுங்க."

அவர் பிரேக் பிடிக்கிற அழகைப் பார்த்தால் காலேஜ் பஸ் ஓட்டப் போகலாம் என்று நானும் சொல்லிவைத்தேன். மதியம் புளிசாதம் கொண்டுபோயிருந்தேன். இரண்டு பேருக்குக் கட்டியது தற்செயல்.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

சமையலறையில் அம்மா அப்பாவிடம் மெதுவாகப் பேசிக்கொண்டிருந்தாள். மெதுவாகப் பேசுகிறாள் என்றாலே காதைத் தீட்டிக்கொள்ள வேண்டும். "நம்ம புள்ள அந்த வூட்டுல போயி வாழோணும். உங்க மஞ்ச வண்டிக்காக நாளைக்கு அவ பேச்சு வாங்கோணுமா?" என்று கேட்டாள். அப்பா, "சரி சரோ, பாத்துக்கலாம் விடு" என்றார்.

நான் நேராக உள்ளே போனேன். "என்னத்தப் பாத்துக்குவீங்க?"

"ஏன் அம்மிணி, நான் எப்ப தோக்கறேன்னு சொன்னேன்? ஓட்டப்போறவளே நீதான?" என்றார். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். அப்புறம் போய் வண்டியைத் துடைக்க ஆரம்பித்தார். நேற்றுத்தான் துடைத்திருந்தார்.

நான் ஓட்டுகிற வண்டியில் அப்பா என்ன செய்துவிட முடியும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஆகஸ்ட் 20, செவ்வாய்

நிச்சயத்துச் சமையலுக்குப் பொன்னி அரிசி இரண்டு சிப்பம் வந்து இறங்கியது. அம்மா ஒரு கை அள்ளி வாயில் போட்டு மென்று, பழைய அரிசிதான் என்று திருப்தியடைந்தாள். ஒரு சிப்பம் இருபத்தைந்து கிலோ. அப்பாவே இரண்டையும் தூக்கி ஓரமாக வைத்தார், இடுப்புப் பிடித்துக்கொண்டது.

ஆகஸ்ட் 22, வியாழன்

புடவை எடுத்தோம். நான் அரக்கு எடுக்கப்போனேன், கடைசியில் ஆரஞ்சு எடுத்தேன். "அவிய வண்டிக் கலருல எடுத்திருக்கற" என்றாள் அம்மா. அப்படியெல்லாம் ஒன்றுமில்லை.

ஆகஸ்ட் 24, சனி

கோபப்படுவதா சிரிப்பதா தெரியவில்லை. வரிசையாக எழுதுகிறேன்.

காலையில் இரண்டு அப்பாக்களும் வெள்ளை வேட்டி சட்டையில் வந்து வண்டிகள் வந்து நிற்கும் பிட் சுவரை ஒட்டிப் போட்ட நாற்காலிகளில் உட்கார்ந்தார்கள். நேரம் எடுக்க டேவிட் அண்ணன். டிராக்கில் நடக்கும் பந்தயங்களுக்கெல்லாம் அவர்தான் நேரம் எடுப்பார், யார் சொன்னாலும் ஒரு புள்ளி மாற்ற மாட்டார்.

முதலில் நான் வெர்னாட்டோவில். முதல் வளைவிலேயே வித்தியாசம் தெரிந்தது. நான் ஸ்டியரிங்கை ஒடிக்கிறேன், வண்டி மூக்கைத் திருப்ப மறுக்கிறது. கொண்டை ஊசியில் பிரேக் பிடித்தால் முன்பக்கம் அப்படியே அமிழ்கிறது. பயிற்சியன்று ஓட்டிய வண்டிக்குக் குண்டு அண்ணன் மாதிரி இருந்தது. ஒரு விநாடிக்கு மேல் அதிகம் வந்தது.

அடுத்து யுகேந்திரன் கிரேஸனில் போனார். இரண்டே சுற்றில் திரும்பி வந்துவிட்டார்.

"வளைவுல எல்லாம் டொம்முனு சத்தம் வருதுங்க. இடது பக்கம் திரும்பினா வலது பக்கம் எதோ இடிக்குது. சஸ்பென்ஷன் போச்சோ என்னவோ."

வெள்ளியங்கிரி மாமா நாற்காலியிலிருந்து அவசரமாக எழுந்தார். "அட, அது இங்கிலீஷ் வண்டிச் சத்தமப்பா. அப்புடித்தான் இருக்கும். நீ ஓட்டு."

நான் ஏறி ஓட்டினேன். டொம். அடுத்த வளைவில் டொம், டொம். அதுவும் பயிற்சி நேரத்தைவிட ஒரு விநாடிக்கு மேல் அதிகம்.

இறங்கி வந்து பார்த்தால் அப்பாக்கள் இருவரும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக் குலுக்கிக்கொண்டிருந்தார்கள். "என்னமா போவுதுங்க உங்க வண்டி!" என்கிறார் அப்பா. "சேச்சே, உங்குளுது முன்னால நிக்க முடியுமுங்களா!" என்கிறார் மாமா. கேசரி ஆறுகிற வரை கட்டிப் புரண்டவர்கள் இவர்கள்! இரண்டு பேர் முகத்திலும், தோற்றுப்போனால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்கிற ஆசை.

அப்போதுதான் அம்மா போன் செய்தாள். "சமையக்காரரு வந்து நிக்கறாரு, ரெண்டு சிப்பம் அரிசியக் காணோம். வேலைக்கு வர்றவ மேல சந்தேகப்படறதா? உங்கப்பாவுக்குத் தெரியுமான்னு கேளு கண்ணு."

நான் அப்பாவைப் பார்த்தேன். அப்பா டிராக்கைப் பார்த்தார்.

வெர்னாட்டோவுக்கு இன்ஜின் பின்னால். முன்னால் திறந்தால் சாமான் வைக்கிற ஒரு சின்னக் குழி. "அது தொறக்காது அம்மிணி, ரிப்பேரு" என்று அப்பா சொல்லிக்கொண்டே வந்தார். திறந்துவிட்டது. இரண்டு சிப்பமும் இருந்தன, ஒன்றன் மேல் ஒன்றாக, அவருடைய பழைய வேட்டியைப் போட்டு மூடி.

யுகேந்திரன் திரும்பித் தன் அப்பாவை ஒரு பார்வை பார்த்தார். பிறகு நடந்துபோய்க் கிரேஸனின் முன் மூடியைத் தூக்கினார். தேங்காய். உரித்த தேங்காய், குழி நிறைய. கோணியின் கட்டு அவிழ்ந்து, நாலைந்து உருண்டு வெளியே விழுந்து பிட் பாதையில் ஓடின. டேவிட் அண்ணன் குனிந்து ஒன்றை எடுத்துக் காதருகே ஆட்டிப் பார்த்தார். "நல்ல காய்" என்றார்.

"அப்பா, நான் ஓட்டினாலே நம்ம வண்டி தோத்துரும். அதுக்கு எதுக்குங்க தேங்காயெல்லாம்?" என்றார் யுகேந்திரன்.

மாமா தலையைச் சொறிந்தார். "பொண்ணு குடுக்கற மனுசன். அவரோட சண்டை போட்டு, வண்டியிலயும் ஜெயிச்சு, அடுத்த நாளு அவரு கையில தட்டு வாங்கோணுமா? உங்கம்மா சோறு போட மாட்டேன்னுட்டா. எனக்கும் மனசு கேக்கல. அவரு ஒரு படி மேல நிக்கட்டும்னு நெனச்சேன்."

அப்பா அவரையே பார்த்துக்கொண்டு நின்றார். மாப்பிள்ளை வீட்டுக்காரர் ஒருவர் இப்படி நினைப்பார் என்று நான் நினைத்துப் பார்த்ததே இல்லை. அந்த மனிதரை எனக்கு அப்போதே பிடித்துவிட்டது. ஆனாலும் கோபம் போகவில்லை. இரண்டு வாரமாக நான் பயந்தது நடந்தேவிட்டது, அதுவும் இரண்டு பக்கமும்.

"மாமா, நீங்க நல்லவிய. அப்பா, நீங்களும் நல்லவிய. ஆனா ரெண்டு பேரும் சேந்து என்னை ஏமாத்தியிருக்கீங்க. நான் நேர்மையா ஓட்டினேன், நீங்க அரிசி மூட்டை ஏத்தியிருக்கீங்க" என்றேன். குரல் உடைந்துவிட்டது. "நாளைக்குக் காலைல மறுபடி ஓட்டறோம். ரெண்டு வண்டியும் காலி. ஜெயிக்கத்தான் ஓட்டறோம். வண்டிக்குள்ள ஒரு எலுமிச்சம்பழம் இருந்தாக்கூடச் சாயங்காலம் நான் மேடையேற மாட்டேன்."

"நானும் ஏறலைங்க" என்றார் யுகேந்திரன். அவரிடம் யாரும் கேட்கவில்லை. எனக்கென்னவோ அது நன்றாக இருந்தது.

அரிசி வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது. தேங்காயும் எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டது. அம்மா சட்னிக்கு ஆச்சு என்கிறாள்.

ஆகஸ்ட் 25, ஞாயிறு

வெயில் ஏறும் முன்பே டிராக்கில் இருந்தோம். அப்பா கிரேஸனின் குழிக்குள் தலையை விட்டுப் பார்த்தார். மாமா வெர்னாட்டோவின் சீட்டுக்கு அடியில் கையை விட்டுப் பார்த்தார். யுகேந்திரன் எட்டு டயருக்கும் காற்றைச் சரிபார்த்தார். வெளியே காற்று வீசவில்லை, தரை குளிர்ச்சி, இதைவிட நல்ல காலை அமையாது.

யுகேந்திரன் இரண்டிலும் ஓட்டினார், போன தடவையைவிட வேகமாக. இறங்கியபோது வேர்த்துக் குளித்திருந்தார். நிஜமாகவே முயன்றிருக்கிறார்.

பிறகு நான் வெர்னாட்டோவில் ஏறினேன். என்னமாய்ப் போனது! மூக்கு சொன்ன பக்கம் திரும்பியது, கொண்டை ஊசியில் கல் மாதிரி நின்றது. ஒரு நிமிடம், ஆறு விநாடி, மேலே ஒன்றுமில்லை. அந்த டிராக்கில் சாலைக்கார் ஒன்றை நான் அவ்வளவு வேகமாக ஓட்டியதே இல்லை. அப்பா நாற்காலியின் மேல் ஏறி நின்று துண்டைச் சுழற்றினார். பெண் வீட்டுக்காரர் என்பதை அடியோடு மறந்திருந்தார். கூடவே, "என்னுங்க சம்பந்தி, காத்தடிக்கற வண்டி வருதுங்களா?" என்று வேறு கேட்டார்.

மாமாவுக்கு முகம் சிவந்துவிட்டது. "இன்னும் ஓட்டலையேங்க!"

கிரேஸனில் ஏறும்போதுதான் எனக்கு உறைத்தது. இந்த வண்டியையும் நான்தான் ஓட்ட வேண்டும். ஐந்து சுற்று. நான்காவதில் வெர்னாட்டோவின் நேரத்துக்கு மிக அருகில் வந்துவிட்டேன் என்று எனக்கே தெரிந்தது, உடம்பு சொல்லிவிடும். கடைசிச் சுற்றின் கடைசி வளைவில் வால் ஆடியது. அங்கே வலது காலைக் கொஞ்சமே கொஞ்சம் தளர்த்தினால் போதும். எவனுக்கும் தெரியாது. டேவிட் அண்ணனுக்கும் தெரியாது. சுவருக்குப் பக்கத்தில் மஞ்சள் துண்டோடு அப்பா நிற்பது ஓரக்கண்ணில் பட்டது. ஐயோ அப்பா என்று வாய்விட்டே சொன்னேன். காலை எடுக்கவில்லை. ஸ்டியரிங்கைத் திருப்பிப் பிடித்து, அடி வரைக்கும் மிதித்தேன்.

ஒரு விநாடியில் பத்தில் ஒரு பங்கு. கிரேஸன் முந்திவிட்டது.

மாமா குதிக்கவில்லை. அப்பாவைப் பார்த்துப் பயந்துபோய் நின்றார். அப்பா மெதுவாக என்னிடம் வந்தார்.

"ஏன் அம்மிணி, கடைசி வளைவுல காலை எடுத்தியா?"

"இல்லீங்கப்பா."

"எடுக்காமயா அத்தனை ஆட்டம் ஆடுச்சு?"

"ஆடுச்சுங்கப்பா. எடுக்கலை."

என் தலையில் ஹெல்மெட்டோடு சேர்த்து ஒரு தட்டு தட்டினார். கண் கலங்கியிருந்தது. அடுத்த நொடி திரும்பி, கையை நீட்டிக் கத்த ஆரம்பித்தார். "ஏனுங், இதெல்லாம் ஒரு ஜெயிப்பாங்க? என்ற புள்ள ஓட்டித்தான உங்க வண்டி ஜெயிச்சுது? உங்க பையன் ஓட்டினதக் கணக்கு வெச்சா என்ற வண்டிதானுங்க முன்னால!"

"அதெப்புடிங்க! விதிமுறை விதிமுறைதானுங்க!"

"நேர்ப்பாதை நெம்ப நீளம். வளைவு எச்சா இருக்கற டிராக்குக்கு வாங்க, பாக்கலாம்!"

"எங்க வேணா வாறனுங்க!"

யுகேந்திரன் என் பக்கத்தில் வந்து நின்றார். "சண்டை போடறாங்க" என்றேன். "ஆமாங்க, நல்லாப் போடறாங்க" என்றார். ஹெல்மெட்டைக் கழற்றக் கை ஒத்துழைக்கவில்லை, அவர்தான் பட்டையை அவிழ்த்துவிட்டார். அதற்கு அவ்வளவு நேரம் ஆகத் தேவையில்லை. நானும் அவசரப்படுத்தவில்லை.

சாயங்காலம் நிச்சயம். மண்டபம் நிறைய சொந்தம். ஆரஞ்சுப் புடவையில் நான் உட்கார்ந்திருந்தேன். தட்டு மாற்றுகிற நேரம் வந்தது. வெற்றிலை பாக்கு, பழம், புடவை எல்லாம் அடுக்கிய தட்டை ஒரு பக்கம் அப்பாவும் மறு பக்கம் மாமாவும் பிடித்தார்கள். மாமா வாங்க இழுத்தார். தட்டு வரவில்லை. இன்னொரு முறை இழுத்தார்.

"உடுங்க" என்று அம்மாவே அப்பாவிடம் பல்லைக் கடித்துக்கொண்டு மாமாவுக்காகப் பரிந்தாள்.

"தேதி சொல்லட்டும், உடறேன்" என்றார் அப்பா.

ஐயர் பஞ்சாங்கத்தைப் புரட்டினார். "ஐப்பசியில நல்ல முகூர்த்தம் இருக்கு."

"கல்யாணத்துக்கு இல்லைங்க சாமி. மறுபந்தயத்துக்கு."

அம்மா தலையில் கை வைத்துக்கொண்டாள். "மானம் போவுது" என்றாள். நாங்கள் பெண் வீடு, அவர்கள் மாப்பிள்ளை வீடு, அத்தனை சொந்தமும் பார்த்துக்கொண்டிருக்கிறது. மாமா அப்பாவை முறைத்தார். அப்பா அவரைவிடப் பெரிதாக முறைத்தார், முதுகை நேராக நிமிர்த்திக்கொண்டு. தலையைக் குனிந்துகொள் என்று பின்னாலிருந்து யாரோ என்னைக் கிள்ளினார்கள். நான் குனியவில்லை, அந்த முதுகைப் பார்க்க வேண்டியிருந்தது.

"அடுத்த ஞாயித்துக்கெழமை" என்றார் மாமா. "இப்ப தட்டக் குடுங்க."

அப்பா கொடுத்தார்.